லேசர் ஒளியும் பிளாஸ்மாவும்: நிலையின்மைகளைக் கையால் கணக்கிட்டுக் கற்கும் வழி

கடலூரிலோ புதுவையிலோ இளநிலை இயற்பியலை முடித்துவிட்டு, செறிவு மிக்க லேசர் ஒளி, எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து உலவும் பிளாஸ்மாவுக்குள் நுழையும்போது என்ன நேர்கிறது என்பதை முறையாகக் கற்க விரும்பும் மாணவருக்காக இதை எழுதுகிறேன். இத்துறையின் நூல்கள் தொடக்கத்திலேயே நீண்ட சமன்பாடுகளுக்குள் இறங்கிவிடுகின்றன. சமன்பாடுகள் தேவையானவைதாம், ஆனால் எந்த அளவு பெரியது, எது சிறியது என்ற உணர்வு வருவதற்கு முன் அவற்றைப் படிப்பவர், வரிக்கு வரி சரிபார்த்தும் பொருளைத் தவறவிடுகிறார். ஆகவே ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசிவரை கைவிடாமல், முதலில் குறிப்பேட்டிலும் பிறகு மடிக்கணினியிலும் கணக்கிடுவோம்.

எடுத்துக்காட்டு இதுதான். லேசரின் அலைநீளம் 351 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி. அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள தேசியப் பற்றவைப்பு நிலையத்தின் 192 கற்றைகள் இலக்கை அடையும்போது இதே அலைநீளத்தில்தான் இருக்கின்றன; அங்கே 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். நமது லேசரின் செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁵ வாட். கோடை நண்பகலில் புதுவைக் கடற்கரைச் சாலையில் நம்மீது விழும் வெயில் அதே பரப்புக்கு ஏறத்தாழ 0.1 வாட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த எண்ணின் பருமன் புரியும். பிளாஸ்மாவின் எலக்ட்ரான் வெப்பநிலை 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 3.5 கோடி கெல்வின். அடர்த்தியை முதல் படியில் முடிவு செய்வோம்.

கல்லூரி ஆய்வகத்தில் உள்ள சிறிய லேசர்களைக் கொண்டு இவற்றில் எதையும் செய்து பார்க்க முடியாது. முயன்றால் கண்தான் கெடும். கற்கும் காலத்தில் நமது ஆய்வகம் குறிப்பேடும் கணினியும் மட்டுமே.

முதல் படி: மாறுநிலை அடர்த்தி

பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களைச் சற்றே விலக்கிவிட்டால், அயனிகளின் ஈர்ப்பால் அவை திரும்ப வந்து, நிலையைத் தாண்டி, மீண்டும் திரும்பி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். இதுவே பிளாஸ்மா அதிர்வெண். அது அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உயரும். ஒளியின் அதிர்வெண் இதைவிடக் குறைந்தால், எலக்ட்ரான்கள் ஒளியின் புலத்துக்கு உடனுக்குடன் ஈடுகொடுத்து அதை உள்ளே விடாமல் திருப்பிவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் சிற்றலை வானொலியில் தொலைதூர நிலையங்களைக் கேட்க முடிந்ததற்கு இதுவே காரணம்: அயனி மண்டலமும் ஒரு பிளாஸ்மாதான், அது அந்த அலைகளைத் தரைக்குத் திருப்பியது. லேசருக்கும் விதி அதுவே, எண்கள்தாம் வேறு.

ஒளியின் அதிர்வெண்ணும் பிளாஸ்மா அதிர்வெண்ணும் சமமாகும் அடர்த்தியை மாறுநிலை அடர்த்தி என்கிறோம். அதைக் கணக்கிட, 1.1 × 10²¹ என்ற எண்ணை, மைக்ரோமீட்டரில் சொல்லப்பட்ட அலைநீளத்தின் இருபடியால் வகுத்தால் போதும். விடை ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 0.351 மைக்ரோமீட்டருக்கு அது 9 × 10²¹. நமது பிளாஸ்மாவுக்கு அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 9 × 10²⁰ என்ற அடர்த்தியை எடுத்துக்கொள்வோம்.

இங்கிருந்து ஒரு வசதியைக் கைக்கொள்ளுங்கள்: லேசரின் கோண அதிர்வெண்ணை 1 என்றும், வெற்றிடத்தில் அதன் அலை எண்ணை 1 என்றும், ஒளியின் வேகத்தை 1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிளாஸ்மா அதிர்வெண் 0.1-இன் வர்க்கமூலம், 0.316. பிளாஸ்மாவுக்குள் லேசரின் அலை எண் 0.9-இன் வர்க்கமூலம், 0.949. இந்த முறையில் எழுதப் பழகியவர்களுக்கு இத்துறையின் கட்டுரைகள் பாதி எளிதாகிவிடும்.

இரண்டாம் படி: எலக்ட்ரானின் இரண்டு வேகங்கள்

லேசரின் மின்புலம் ஒவ்வோர் எலக்ட்ரானையும் ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தின் உச்ச வேகத்தை ஒளியின் வேகத்தின் பங்காக அறிய, செறிவையும் அலைநீளத்தின் இருபடியையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.855 × 10⁻⁹ ஆல் பெருக்க வேண்டும். நமக்குக் கிடைப்பது 0.0095, அதாவது நொடிக்குச் சுமார் 2,850 கிலோமீட்டர். மறுபுறம், வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலையும் வேகம் 0.077, நொடிக்குச் சுமார் 23,000 கிலோமீட்டர். புதிதாக வருபவர்கள் லேசரின் செறிவைக் கேட்டதும் அதுவே எல்லாவற்றையும் அடித்துச் செல்லும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இந்த எடுத்துக்காட்டில் ஒளி தரும் ஆட்டம் வெப்ப வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான். இத்தனை சிறிய ஆட்டம் பிளாஸ்மாவையே நிலைகுலைய வைப்பது எப்படி என்பதே இத்துறையின் மையக் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

வெப்ப வேகத்தைப் பிளாஸ்மா அதிர்வெண்ணால் வகுத்தால் டெபை நீளம் கிடைக்கும். நமக்கு அது 13.5 நானோமீட்டர். இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டு இடங்களில் திரும்ப வரும்.

மூன்றாம் படி: சுழற்சியைக் காணுதல்

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றவர்கள் மைக் செட் திடீரென்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பார்கள். யாரும் பேசவில்லை, ஆனாலும் ஒலிவாங்கியில் விழுந்த ஏதோ ஒரு சிற்றொலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் வெளிவந்து, மீண்டும் ஒலிவாங்கியில் விழுந்து, மீண்டும் பெருக்கப்பட்டு, நொடிப்பொழுதில் காதைத் துளைக்கும் ஒற்றைச் சுருதியாகிவிடுகிறது. மூன்று செய்திகளை இதில் கவனிக்க வேண்டும். ஊளைக்கான ஆற்றல் முதல் ஒலியிலிருந்து வரவில்லை, பெருக்கிக்கு வரும் மின்சாரத்திலிருந்து வருகிறது. எல்லாச் சுருதிகளும் வளர்வதில்லை; ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன்னோடு தானே ஒத்துப்போகும் சுருதியே வளர்கிறது. ஒரு சுற்றில் பெறுவது இழப்பதைவிடக் குறைவாக இருக்கும்வரை ஊளை எழுவதே இல்லை. குமிழைச் சற்றுத் திருப்பியதும் எழுந்துவிடுகிறது.

பிளாஸ்மாவிலும் இதே சுழற்சிதான் நடக்கிறது. பிளாஸ்மாவில் எப்போதும் மிகச் சிறிய அடர்த்தி அலைகள் வெப்பத்தின் காரணமாக இருந்துகொண்டே இருக்கின்றன. லேசர் ஆட்டும் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடுதலாகவும் அடுத்த இடத்தில் குறைவாகவும் இருப்பதால், அவற்றின் ஆட்டத்திலிருந்து ஒரு புதிய ஒளி பிறக்கிறது. இது சிதறிய ஒளி. லேசரும் சிதறிய ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது, சுருதி சற்றே விலகிய இரண்டு தம்புராத் தந்திகளை மீட்டினால் கேட்கும் விம்மலைப் போல, மொத்தச் செறிவு ஏறி இறங்கும் ஒரு வடிவம் உண்டாகிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து எலக்ட்ரான்களை வெளியே தள்ளும் விசை ஒன்று ஒளிக்கு உண்டு. அதற்குப் பாண்டரோமோட்டிவ் விசை என்று பெயர். அந்த விசை எலக்ட்ரான்களை நகர்த்தி, நாம் தொடங்கிய அதே அடர்த்தி அலையை முன்பைவிடப் பெரிதாக்குகிறது. பெரிதான அலை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கிறது. சுற்று முடிந்து மீண்டும் தொடங்குகிறது. இப்படித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் வளர்ச்சியைத்தான் நிலையின்மை என்கிறோம். மேலே கேட்ட கேள்விக்கு விடை இதுவே: ஒரு தடவை தள்ளுவது சிறிதாக இருந்தாலும், சரியான தாளத்தில் ஆயிரம் தடவை தள்ளப்படுகிறது.

இந்தச் சுழற்சியை வரைபடமாக உங்கள் கையாலேயே ஒருமுறை வரைந்து பார்க்கும்வரை அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

நான்காம் படி: எந்த அலை வளரும்?

தாளம் பொருந்த இரண்டு நிபந்தனைகள் உண்டு. லேசரின் அதிர்வெண், சிதறிய ஒளியின் அதிர்வெண்ணும் பிளாஸ்மா அலையின் அதிர்வெண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அலை எண்களும் திசையோடு சேர்த்து அவ்வாறே பொருந்த வேண்டும். முதலாவது ஆற்றல் அழிவின்மை, இரண்டாவது உந்த அழிவின்மை. புதிதாக எதுவும் இல்லை.

பிளாஸ்மா அலை என்பது எலக்ட்ரான்களின் வேகமான அலையாக இருந்தால், அதை ராமன் சிதறல் என்கிறோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தது மூலக்கூறுகளின் அதிர்வு ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதை. இங்கே அந்தப் பங்கை எலக்ட்ரான் அலை எடுத்துக்கொள்கிறது. அடிப்படை ஒன்றே என்பதால் பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. சிதறிய ஒளியின் அதிர்வெண் பிளாஸ்மா அதிர்வெண்ணுக்குக் கீழே போக முடியாது. எலக்ட்ரான் அலையின் அதிர்வெண்ணும் அதற்குக் கீழே போகாது. எனவே லேசரின் அதிர்வெண் பிளாஸ்மா அதிர்வெண்ணைப்போல் குறைந்தது இரு மடங்காக இருக்க வேண்டும். அடர்த்தியாகச் சொன்னால், மாறுநிலை அடர்த்தியில் கால் பங்குக்கு மேல் ராமன் சிதறல் நிகழாது. நமது பத்தில் ஒரு பங்கு இந்த எல்லைக்குள் இருக்கிறது.

இப்போது ஒளி நேராகப் பின்னோக்கிச் சிதறுவதாகக் கொள்வோம். வெப்பத்தைப் புறக்கணித்தால் எலக்ட்ரான் அலையின் அதிர்வெண் 0.316, சிதறிய ஒளியின் அதிர்வெண் 0.684, அலைநீளம் 351-ஐ 0.684-ஆல் வகுத்தால் 513 நானோமீட்டர். ஆனால் 3.5 கோடி கெல்வினில் வெப்பத்தைப் புறக்கணிக்க முடியாது. எலக்ட்ரான் அலையின் அதிர்வெண்ணின் இருபடி என்பது, பிளாஸ்மா அதிர்வெண்ணின் இருபடியோடு, அலை எண்ணின் இருபடியையும் வெப்ப வேகத்தின் இருபடியையும் பெருக்கிய மும்மடங்கைக் கூட்டியதாகும். அலை எண்ணை 1.5 என்று ஊகித்துத் தொடங்கி, அதிர்வெண்ணைக் கண்டு, அதிலிருந்து சிதறிய ஒளியின் அலை எண்ணைக் கண்டு, லேசரின் அலை எண்ணோடு கூட்டி, ஊகத்தைத் திருத்தி மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு சுற்றுக்குள் எண்கள் நிலைத்துவிடும்: எலக்ட்ரான் அலையின் அதிர்வெண் 0.373, அலை எண் 1.49, சிதறிய ஒளியின் அதிர்வெண் 0.627, அலைநீளம் 560 நானோமீட்டர்.

கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி உள்ளே போய், மஞ்சள் கலந்த பச்சை ஒளியாகத் திரும்பி வருகிறது. நீங்களே கணக்கிட்டு இந்த இடத்துக்கு வந்து சேரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி பெரியது. பிளாஸ்மாவைத் தொடாமலேயே, திரும்பி வந்த ஒளியின் நிறத்தைக் கொண்டு அதன் அடர்த்தியையும் வெப்பநிலையையும் மதிப்பிடலாம் என்பதும் இதனால் விளங்கும்.

ஐந்தாம் படி: வளர்ச்சியும் தடையுறுதலும்

எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. பிளாஸ்மா அதிர்வெண்ணின் இருபடியை, எலக்ட்ரான் அலை, சிதறிய ஒளி ஆகியவற்றின் அதிர்வெண்களின் பெருக்கற்பலனால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதை எலக்ட்ரான் அலையின் அலை எண்ணாலும் ஆட்ட வேகத்தாலும் பெருக்கி, நான்கால் வகுங்கள். நமக்கு வருவது 0.0023. லேசரின் கோண அதிர்வெண் நொடிக்கு 5.4 × 10¹⁵ என்பதால், அலையின் வீச்சு ஏறத்தாழ 80 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை 2.7 மடங்காகும். இது தடையே இல்லாதபோது.

தடை எங்கிருந்து வருகிறது என்பதைத் தேவனாம்பட்டினத்தில் படகு இறக்குபவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அலையின் வேகத்தை ஒட்டிச் செல்லும் படகை அலை ஏந்திக்கொண்டு போகும். நின்ற படகை வெறுமனே தூக்கி இறக்கிவிட்டுக் கடந்துவிடும். நமது எலக்ட்ரான் அலையின் வேகம் 0.373-ஐ 1.49-ஆல் வகுத்து வரும் 0.25, அதாவது நொடிக்கு 75,000 கிலோமீட்டர். பெரும்பாலான எலக்ட்ரான்கள் இதைவிட மிகவும் மெதுவானவை. ஆனால் ஒரு சிறு பகுதி இந்த வேகத்தை ஒட்டி இருக்கிறது. அவற்றை அலை ஏந்திச் சென்று தன் ஆற்றலை இழக்கிறது. இதுவே லாண்டௌ தடையுறுதல். அலை எண்ணை டெபை நீளத்தால் பெருக்கிய எண் ஏறத்தாழ 0.3-ஐத் தாண்டினால் இத்தடை கடுமையாகிறது. நமக்கு அது 0.36. தடையுறும் வீதம் பிளாஸ்மா அதிர்வெண்ணில் சுமார் 4 விழுக்காடு, அதாவது 0.013. வளர்ச்சி வீதமான 0.0023-ஐவிட இது ஐந்து மடங்குக்கு மேல் பெரியது.

அப்படியானால் நிலையின்மை அடங்கிவிடுமா என்று கேட்கத் தோன்றும். அடங்காது. எலக்ட்ரான் அலைதான் தடையுறுகிறது. சிதறிய ஒளிக்குத் தடை மிகக் குறைவு. எனவே வளர்ச்சி நிற்பதில்லை, வேகம் குறைகிறது: வளர்ச்சி வீதத்தின் இருபடியைத் தடை வீதத்தால் வகுத்தால் வருவதே புதிய வீதம். பின்னோக்கிச் செல்லும் ஒளி, பிளாஸ்மாவின் நீளம் முழுவதும் பெருக்கம் பெற்றுக்கொண்டே வருகிறது. சீரான பிளாஸ்மாவில் 100 மைக்ரோமீட்டர் நீளத்துக்குச் செறிவுப் பெருக்கம் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு மடங்குதான். நீளம் 1 மில்லிமீட்டர் ஆனால் அதுவே 2 கோடி மடங்கை எட்டும். அந்த அளவுக்கு முன்பே லேசரின் ஆற்றல் தீர்வதாலோ எலக்ட்ரான்கள் அலையில் சிறைப்படுவதாலோ வளர்ச்சி நின்றுவிடும் என்பது வேறு. செறிவை மட்டும் பார்த்துப் பிளாஸ்மாவின் நீளத்தைப் பார்க்காமல் விடுவதே தொடக்கநிலையில் நான் மிகுதியாகக் காணும் தவறு.

மற்ற நிலையின்மைகள்

எலக்ட்ரான் அலைக்குப் பதிலாக, அயனிகளோடு சேர்ந்து நகரும் மெதுவான ஒலி அலை பங்கேற்றால் அது பிரில்வேன் சிதறல். அச்சில் பிரில்லூயின் என்று இருக்கும் அந்தப் பெயரைப் பிரெஞ்சு அறிந்த புதுவையில் சரியாகவே சொல்லலாம். ஒலி அலையின் அதிர்வெண் மிகச் சிறியது. அதனால் திரும்பும் ஒளியின் அலைநீளம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவாகவே மாறுகிறது, ஏறக்குறைய முழு ஆற்றலும் ஒளியாகவே திரும்பிப் போகிறது. இது மாறுநிலை அடர்த்தி வரை எங்கும் நிகழலாம்.

கால் பங்கு அடர்த்தியின் அருகே லேசர் அப்படியே இரண்டு எலக்ட்ரான் அலைகளாகப் பிரியும். ஊஞ்சலில் நின்றபடி ஆடும் சிறுவன், ஊஞ்சல் ஒருமுறை போய்வருவதற்குள் இருமுறை குந்தி எழுவான். தள்ளும் அதிர்வெண் ஆடும் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு. இங்கும் கணக்கு அதுவே. இதிலும் ராமன் சிதறலிலும் அலைகள் ஏந்திச் செல்லும் வேகமான எலக்ட்ரான்கள் இலக்கில் உள்ள இணைவு எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கி, அதை அழுத்துவதைக் கடினமாக்குகின்றன.

கற்றையின் செறிவு மிகுந்த பகுதி பிளாஸ்மாவை விலக்க, அடர்த்தி குறைந்த இடத்தில் ஒளிவிலகல் எண் உயர, ஒளி அங்கேயே மேலும் குவிந்து இழைகளாகப் பிரிவது இன்னொரு வகை. இதைப் பற்றிய 1973-ஆம் ஆண்டின் அடிப்படை ஆய்வொன்றில் பங்கேற்றவர் பிரெதிமான் கிருஷன் காவ்; பின்னாளில் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனவர்.

கட்டுப்படுத்தும் வழிகளில் முதன்மையானது அலைநீளத்தைக் குறைப்பது. ஆட்ட வேகம் அலைநீளத்தோடு சேர்ந்து குறைகிறது என்பதை இரண்டாம் படியின் வாய்பாட்டிலேயே காணலாம். லிவர்மோரில் 1970-களின் இறுதியில் 20 கற்றைகளோடு இயங்கிய சிவா என்ற லேசர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தியது. பல கைகள் கொண்ட இறைவனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டதைத் தில்லைக்கு அருகே வாழும் நாம் ஆர்வத்தோடு கவனிக்கலாம். அதில் வேகமான எலக்ட்ரான்கள் மிகுதியாக உண்டானதிலிருந்து கற்ற பாடமே, அடுத்து வந்த லேசர்களில் படிகங்களின் வழியாக அதிர்வெண்ணை மும்மடங்காக்கிப் புறஊதாவுக்கு மாற்றும் வழக்கம். கற்றையைச் சிறு சிறு புள்ளிகளாகச் சிதைத்து அவற்றை விரைந்து இடம்மாற்றுவதும், லேசரின் நிறப் பரப்பை விரிப்பதும் தாளத்தைக் கலைக்கும் மற்ற வழிகள்.

ஆறாம் படி: கணினியில் ஓட்டிப் பார்த்தல்

பிளாஸ்மாவைத் துகள்களாகவும் புலங்களைச் சிறு சிறு கட்டங்களிலும் வைத்துக் கணக்கிடும் துகள்-கட்ட முறை நிரல்கள் இதற்காகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த எபாக், பிரெஞ்சு ஆய்வகங்கள் உருவாக்கிய ஸ்மைலை ஆகிய இரண்டில் ஒன்றை லினக்ஸ் கணினியில் நிறுவுங்கள். ஒரு பரிமாணத்தோடு தொடங்குங்கள். பிளாஸ்மாவின் நீளம் 100 மைக்ரோமீட்டர், கட்டத்தின் அளவு 10 நானோமீட்டர், கட்டத்துக்கு 200 எலக்ட்ரான் துகள்கள். மொத்தம் 10,000 கட்டங்கள், 20 லட்சம் துகள்கள். ராமன் சிதறலை மட்டும் பார்ப்பதால் அயனிகளை அசையாமல் நிறுத்திவிடலாம். கால இடைவெளி, ஒளி ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், 0.03 ஃபெம்டோ நொடி போதும். 3 பிகோ நொடி வரை ஓட்ட ஒரு லட்சம் காலப் படிகள் ஆகும். நான்கு கரு கொண்ட மடிக்கணினி இரவில் தொடங்கினால் காலைக்குள் முடித்துவிடும்.

கட்டத்தின் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் முதன்முதலில் ஓட்டியபோது, ஒளியின் அலைநீளத்துக்குப் போதும் என்று 40 நானோமீட்டர் வைத்தேன். எலக்ட்ரான்களின் வெப்பநிலை நேரம் செல்லச் செல்ல ஏறியது. லேசர்தான் சூடாக்குகிறது என்று நம்பி மூன்று வாரங்கள் அதற்கு விளக்கம் தேடினேன். கட்டம் டெபை நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் துகள்கள் தாமாகவே சூடேறும். அது கணக்கின் குறை, இயற்கையின் செயல் அல்ல. ஆகவே முதல் ஓட்டத்தை லேசரே இல்லாமல் நடத்துங்கள். மொத்த ஆற்றல் மாறாமல் இருந்தால் மட்டும் லேசரைச் சேருங்கள்.

இந்த நீளத்தில் 10¹⁵ வாட் செறிவுக்குப் பெருக்கம் குறைவு என்று ஏற்கெனவே கணக்கிட்டிருக்கிறோம். எனவே முதல் பயிற்சிக்குச் செறிவை ஐந்து மடங்கு உயர்த்திக்கொள்ளுங்கள். அப்போது பெருக்கம் 6,000 மடங்கு அளவுக்கு எழும். கணினிக் கணக்கில் துகள்கள் குறைவு என்பதால் அதன் இரைச்சல் உண்மைப் பிளாஸ்மாவின் இரைச்சலைவிடப் பெரியது. ஆகையால் எத்தனை விழுக்காடு ஒளி திரும்பியது என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், எந்த அலைநீளத்தில் திரும்பியது என்பதை நம்பலாம்.

பிளாஸ்மாவுக்கு முன்னே உள்ள வெற்றிடத்தில் ஓரிடத்தின் மின்புலத்தை சில காலப் படிகளுக்கு ஒருமுறை பதிவுசெய்து, அதன் ஃபூரியர் மாற்றத்தை வரையுங்கள். லேசரின் 351 நானோமீட்டர் உச்சத்தைத் தவிர, 560-ஐ ஒட்டி இன்னோர் உச்சம் தெரிய வேண்டும். அது 513-இன் பக்கம் நின்றால், எலக்ட்ரான் வெப்பநிலை உள்ளீட்டுக் கோப்பில் சரியான அலகில் ஏறியதா என்று பாருங்கள். உச்சமே இல்லையென்றால் அடர்த்தியைப் பாருங்கள். கன சென்டிமீட்டருக்கான எண்ணை, கன மீட்டரைக் கேட்கும் இடத்தில் அப்படியே எழுதியிருந்தால் பிளாஸ்மா பத்து லட்சம் மடங்கு மெலிந்து போயிருக்கும்.